கரும்பலகைக்குப் பின்னால் எடுத்த படம்

போன மாதம் என்னைத் தேடி இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சீகிரியாப் பக்கத்து ஹோட்டல்களில் நடக்கும் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர்கள். ஒருவன் ட்ரோன் பறக்கவிடுவான், மற்றவன் கெமரா பிடிப்பான். கடனுக்கு வாங்கிய சாமான் எல்லாம் முதுகில் தொங்க, உட்காரச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“சவரி அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு இந்தத் தொழில் சலிச்சதே இல்லையா? எங்களுக்கு இப்பவே போதும்னு ஆயிருச்சு. அதே கல்லு, அதே சூரியன், அதே மாதிரி மாப்பிள்ள பொண்ணத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு.”

“தூக்க முடியாத மாப்பிள்ள ஒருத்தர்கூட வரலையா?”

“வந்தாரு. பொண்ணு அவரத் தூக்கிருச்சு. இந்த வருஷம் எடுத்ததுல அந்த ஒரு படந்தான் உருப்படி.”

சலிக்காத ஆள் இந்தத் தொழிலில் இருந்தால் அவனுக்குக் கண்ணில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, அது பதிலே இல்லை என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அல்லது நான் அதை விட்டேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால் வெட்டினார், அம்மாவும் வெட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதைவிட, எனக்கு எதுவுமே நிலையாகப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி. தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். லொறியில் கிளீனராக ஓடினேன். நாலந்தாவில் பஸ் நிறுத்தத்தில் படுத்துக் காய்ச்சலைக் கழித்ததும் உண்டு. பசி வந்தால் வேலை, வேலை அலுத்தால் பஸ். அப்படி ஒரு பஸ் என்னைச் சீகிரியாவில் இறக்கியது. அங்கே சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுத்து விற்கும் ஒருவர் தன் பையைத் தூக்க என்னை வைத்துக்கொண்டார். அவருக்குச் சுகமில்லாத ஒரு நாளில் கெமராவையும் நானே தூக்கினேன். படங்கள் நன்றாக வரவில்லை. ஆனால் அன்று முழுவதும் பசி தெரியவில்லை. அதுதான் ஆரம்பம்.

பிறகு மாத்தளை நகரில் ஹாஜியாரின் ஸ்டூடியோவுக்கு வந்தேன். முதல் இரண்டு வருஷமும் படம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் தூக்கம்.

ஹாஜியார் சத்தம் போடாத மனிதர். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார் என்றால் ஏதோ பிழை என்று அர்த்தம். நான் கழுவிக் காயவைத்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாக மேசையில் வைத்துப் பார்ப்பார். மணப்பெண் தலைகீழாக, மாப்பிள்ளை தலைகீழாக, குத்துவிளக்கு தலைகீழாக. முதல் நாள் அவருக்குக் கண் மங்கல் என்று நினைத்து நான் நேராகத் திருப்பி வைத்தேன். அவர் மறுபடியும் திருப்பினார்.

“மகன், மொகத்தப் பாத்தா மயங்கிப் போற. இப்பிடி வெச்சிப் பாரு. மொகம் இல்லாமப் போகும், பாரம் மட்டும்தான் ஈக்கும். எந்தப் பக்கம் சரியுதுண்டு தெரியும்.”

உண்மைதான். நேராகப் பார்த்தபோது அழகாக இருந்த படம், தலைகீழாக வைத்ததும் ஒரு பக்கம் கனத்துச் சரிந்தது. அந்தப் பக்கத்தில் மாமா ஒருவரின் வெள்ளைச் சட்டை முழு வெளிச்சத்தையும் தின்றுகொண்டிருந்தது. அடுத்த கல்யாணத்தில் நான் மாமாவை நகர்த்தினேன். அவர் என்னோடு பேசவில்லை. படம் சரியாக வந்தது.

அந்தக் கடையில் இன்னொரு முறையும் இருந்தது. தேசிய அடையாள அட்டையை நாங்கள் ஐசி என்போம். ஐசி படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது விதி. முஸ்லிம் பெண்கள் வந்தால் முக்காட்டை ஒதுக்க வேண்டிவரும். அந்நிய ஆண்களுக்கு முன்னால் ஒதுக்க மாட்டார்கள். ஆகவே நானோ ஹாஜியாரோ ஸ்டூலையும் வெளிச்சத்தையும் கெமராவையும் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். ஹாஜியாரின் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம், உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டு பட்டனை அமத்துவார். ராத்தாவுக்குக் கெமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் எடுத்த படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மாத்தளையில் படப்பிடிப்பாளனுக்கு ஓய்வு மாதம் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் கல்யாணம் இல்லை என்றால் மற்ற வீடுகளில் இருக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகள் ஓய்ந்தால் சிங்கள வீடுகளில் போருவ என்னும் மணமேடை எழும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் மணி அடங்கினால் பக்கத்துத் தெருவில் மேளம் கேட்கும். ஒரு கதவு மூடும்போது மூன்று கதவு திறக்கிற ஊர். இதற்கு ஹாஜியார் ஒரு சட்டம் வைத்திருந்தார்: அவனவன் வீட்டுக் கல்யாணம் நிற்கிற மாதத்தில் அவனவன் நிற்கட்டும். நோன்பில் அவர் கடைக்கு வரமாட்டார், நான் பார்த்துக்கொள்வேன். தவக்காலத்தில் நான் போய்விடலாம். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் தவக்காலத்தை ஒரு நாள்கூடக் குறைக்காமல் அனுசரித்தேன்.

பழைய கெமரா ஒன்றும், உடுப்புப் பையும், ஒரு பஸ்ஸும். யாருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லாத படங்கள். நாலந்தா குளத்தில் மீன் பிடிப்பவர்கள், சீகிரியாவில் மாலையில் வாடிக்கை இல்லாமல் ஓட்டோவுக்குள் தூங்கும் ஓட்டுநர்கள். திரும்பி வரும்போது கண் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். சில வருஷம் அது போதுமாக இருந்தது.

பிறகு போதாமல் போனது. அலையப் போன இடத்திலும் கல்யாண வீட்டுக் கண்ணோடுதான் பார்த்தேன். ஒரு தடவை வயலில் நின்ற மாட்டைப் பார்த்து, கொஞ்சம் நாடியை இறக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஊருக்குத் திரும்பினால் எல்லா முகமும் ஒரே முகம். என் குரல் ஒன்றுதான் கேட்டது. நேரா இரு, இங்க பாரு, சிரி, சிரிக்காதே. அந்தத் தவக்காலம் தொடங்கும்போது ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன்.

“இந்தத் தடவ போனா வரமாட்டேன் ஹாஜியார். வேற ஆள் பாத்துக்குங்க.”

அவர் தொப்பியைக் கழற்றவில்லை. “சரி. போக முந்தி ஒரு வேல ஈக்கிது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஓ.எல். புள்ளைகளுக்கு ஐசி படம். எனக்கு ஏற ஏலாது, முழங்கால் கொள்ளல்ல. அத முடிச்சிக் குடுத்துட்டுப் போ.”

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மண்டபத்தில் ஐசி காட்ட வேண்டும். அந்தத் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒருவரிடமும் ஐசி இல்லாத காலம் அது. விண்ணப்பங்களை அந்த வாரமே அனுப்பியாக வேண்டும் என்று மலர் டீச்சர் என்னைக் கண்டவுடனேயே சொன்னார். பத்தாம் பதினோராம் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

நான் வராந்தா மூலையில் நீலத் துணியைக் கட்டினேன். சோக்கட்டியால் தரையில் வட்டம் போட்டு ஸ்டூலை வைத்தேன். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்ததால் மறுபக்கத்தில் வெள்ளை ரெஜிபோம் அட்டையைச் சாய்த்து நிழலைக் குறைத்தேன். எண்ணெய், சீப்பு, கண்ணாடி ஒரு மேசையில். அப்புறம் இயந்திரம் ஓடத் தொடங்கியது. உட்காரு, நாடியை இறக்கு, காதைக் காட்டு, எழும்பு. உட்காரு, நாடியை இறக்கு, காதைக் காட்டு, எழும்பு. பிள்ளைகளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஒரு பெண் உட்கார்ந்தாள். இரட்டைச் சடை, வலது காதை மூடி முடியைப் புடைப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள்.

“காது தெரியணும். முடிய பின்னால தள்ளு.”

அவள் அசையவில்லை. வரிசையில் நின்ற ஒரு பையன் சத்தமாகச் சொன்னான்: “சேர், அவகிட்ட பாதி சல்லி வாங்குங்க. ஒரு காதுதான் எடுக்கணும்!”

வரிசை முழுவதும் சிரித்தது. அவள் எழுந்து ஓடிவிட்டாள். டீச்சர் அந்தப் பையனின் பின்மண்டையில் ஒன்று போட்டுவிட்டு என்னிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். பெயர் சாந்தினி. பிறவியிலேயே வலது காது வளரவில்லை. வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். ஆனால் காற்றடித்தால் வெளியே வரமாட்டாள்.

மற்றவர்களை எடுத்து முடித்தபோது டீச்சர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அழுது முடித்திருந்த முகம்.

“காதக் காட்டலேன்னா படத்தத் திருப்பி அனுப்பிருவாங்க,” என்றேன்.

“அனுப்பட்டும். நா சோதன எழுதல.”

“எழுதாம என்னாடி செய்யப் போற?” என்றார் டீச்சர்.

“பால் வெட்டப் போறேன். ரப்பர் மரம் காதப் பாக்காது.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க கல்யாணப் படத்துல எல்லாம் பென்சிலால தழும்ப மறைக்கிறீங்கதானே? இந்தப் பக்கத்துக் காதப் பாத்து அந்தப் பக்கம் ஒண்ணு வரைஞ்சி விட்டுருங்களேன்.”

சாந்தினி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “வரையலாமா சேர்?”

வரையலாம். ஹாஜியார் நெகட்டிவில் மூக்குத்தியே வரைந்து கொடுத்திருக்கிறார். நானும் வரைவேன். வரைந்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடித்து என் வழியில் போயிருப்பேன். வாயில் “சரி” வந்துவிட்டது. அப்போதுதான் பரீட்சை மண்டபத்து வாசல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“நா வரைஞ்சி தாறேன்,” என்றேன். “ஐசில ரெண்டு காது இருக்கும். மண்டபத்துல மிஸ் ஐசியப் பாப்பாங்க, ஒன்னயப் பாப்பாங்க. முடிய ஒதுக்குன்னு சொல்லுவாங்க. அங்க ஒரு காதுதான் இருக்கும். யாரோ வேற ஆள் வந்து சோதன எழுதுதுன்னு வெளிய அனுப்பிருவாங்க. அப்ப என்னா செய்வ?”

அவள் யோசித்தாள். கணக்கில் முதல் என்று டீச்சர் சொன்னது சரிதான். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“அப்ப எடுங்க. ஆனா யாரும் பாக்கக் கூடாது.”

“யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாரையும் அனுப்பிரலாம்.”

“நீங்களும்தான்.”

“நா பாக்காம எப்பிடி எடுக்கிறது?”

“அது எனக்குத் தெரியாது.”

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்தாவைப் போல ஒருவர் இங்கே இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். “டீச்சர் பட்டன அமத்தட்டுமா?” என்று கேட்டேன். சாந்தினி டீச்சரைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள். டீச்சரும் வேண்டாம்.

பையில் கேபிள் ஒன்று இருந்தது. ஒரு முனையைக் கெமராவில் முறுக்கிவிட்டு மறுமுனையைத் தூர இருந்து அமத்தினால் படம் விழும். கை நடுங்கக் கூடாத இடங்களில் பாவிப்பது. அதை எடுத்தேன்.

டீச்சரும் நானும் வகுப்பிலிருந்து இரண்டு கரும்பலகைகளை அவற்றின் கால்களோடு தூக்கி வந்து அந்த மூலையை அடைத்தோம். கெமராவை ஸ்டாண்டில் பூட்டி, டீச்சரை ஸ்டூலில் குனிந்து உட்காரவைத்து சாந்தினியின் உயரத்துக்குக் குறி பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, இதை அமத்து, அமத்திய பிறகு எழுந்து வந்து, ஃபிலிம் ரோல் நகர இந்த லீவரை ஒரு தரம் இழு, ஸ்டாண்டில் மட்டும் இடிக்காதே என்று காட்டிக் கொடுத்தேன். அவள் கேபிளைக் கையில் வாங்கிக்கொண்டாள். நான் வெளியே வந்து கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றேன். டீச்சர் மறுபக்கத்தில், “ஒரு பய கிட்ட வந்தா தோல உரிச்சிருவேன்” என்று கையில் பிரம்போடு நின்றார்.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு க்ளிக். ஸ்டூல் இழுபடும் சத்தம், லீவர் சத்தம், மறுபடி காலடிகள். மறுபடி க்ளிக்.

“ஒண்ணு போதும்!” என்றேன்.

“இருங்க!”

க்ளிக். இழுபடுதல். க்ளிக். உள்ளே ஏதோ முணுமுணுத்தாள். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. டீச்சர் கண்ணால் என்னைக் கேட்டார், எனக்கென்ன தெரியும் என்று கை விரித்தேன். கடைசியில் லீவர் இறுகிவிட்டது.

“சேர், இழுபட மாட்டேங்குது.”

“ரோல் முடிஞ்சிருச்சு. எல்லாத்தையும் முடிச்சிட்டியா?”

“நீங்க ஒண்ணு போதும்னு பிந்திதானே சொன்னீங்க.”

அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டேன். மறுநாள் மாத்தளைக்கு வந்து, கடமைக்காக ரோலைக் கழுவினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள்: நாடியை இறக்கிய, காதைக் காட்டிய, யாரோ சொல்லி உட்கார்ந்த முகங்கள். பிறகு சாந்தினி தொடங்கினாள்.

முதல் படத்தில் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் முடி காதின் மேலேயே. அதற்கடுத்ததில் ஒரு கை முடியைப் பிடித்திருக்கிறது. பிறகு முடி பின்னால் போயிருக்கிறது, ஆனால் முகம் அடிவாங்கப் போவதுபோல் இறுகியிருக்கிறது. பிறகு கொஞ்சம் தளர்ந்து. பிறகு நேராக, இரண்டு பக்கமும் தெரிய, ஒருவருக்கும் பயப்படாமல், ஒருவரையும் திருப்திப்படுத்தாமல். அதற்குப் பிறகு நாக்கை நீட்டி ஒன்று. கடைசியில் தலையை முழுக்கத் திருப்பி, வலது பக்கத்தை மட்டும் கெமராவுக்குக் கொடுத்து ஒன்று. அந்தச் சின்ன மொட்டு போன்ற காதை அப்போதுதான் நான் பார்த்தேன். ஒரு அசிங்கமும் இல்லை. காதாகத்தான் இருந்தது.

மருந்துத் தண்ணீர் கைகளில் சொட்டச் சொட்ட நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த எல்லா முகமும் என்னைப் பார்த்த முகம்தான். நான் இல்லாத இடத்தில் ஒரு முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் ஒரே முகம் என்று சலித்தேனே, அந்த ஒரே முகம் என் கட்டளைக்குப் பிள்ளைகள் கொடுத்த பதில். சலிப்பு அவர்களிடம் இல்லை.

ஹாஜியார் படங்களைப் பரப்பித் தலைகீழாகத் திருப்பினார். பார்த்தார். பிறகு, அதுவரை நான் கண்டிராதபடி, அவரே நேராகத் திருப்பி வைத்தார்.

“இத யாரு எடுத்த?”

“அந்தப் புள்ளையேதான். கேபிளக் குடுத்தேன்.”

“ஒன்னயவிட நல்லா எடுத்தீக்கா.” பிறகு அந்த நேரான படத்தை விரலால் தட்டினார். “இதப் போடு. நீ எப்ப போற?”

“படங்களக் குடுத்துட்டு.”

அவர் தொழுகைக்குக் கிளம்பினார். நான் எங்கும் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். தவக்கால அலைச்சலை மட்டும் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அலைந்தது கண்ணைக் கழுவ அல்ல. வாயை மூடிப் பழக. அந்தக் கேபிளை எத்தனையோ பேர் கையில் கொடுத்தேன். முதல் தடவையாகச் சேர்ந்து உட்காரும் மாப்பிள்ளை பெண்ணிடம் கொடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போவேன். பாதிப் படம் குப்பை. மீதியில் ஒன்று வரும், அதை நான் எந்த ஜென்மத்திலும் எடுத்திருக்க முடியாது.

இதை அந்த இரண்டு இளைஞர்களிடம் போனில் சொன்னேன். அடுத்த வாரமே ஒருவன் ட்ரோனின் ரிமோட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்திருக்கிறான். அது தென்னை மரத்தில் போய் மாட்டியதாம். “அண்ணே, ஒங்க யோசன இப்ப மரத்துல இருக்கு” என்றான். “மரத்த அண்ணாந்து பாத்து நின்னவங்கள எடுத்தியா?” என்று கேட்டேன். “எடுத்தேன்ணே,” என்றான். “அதுதான் அல்பத்துல மொத படம்.”

இனி, படங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

டீச்சர் உறைகளைக் கொடுக்கக் கொடுக்க, பெண் பிள்ளைகள் எல்லாரும் படத்தை நெஞ்சோடு அழுத்தி மறைத்துக்கொண்டு, மற்றவளுடையதைப் பறிக்கப் பாய்ந்தார்கள். சாந்தினி தன்னுடையதை வாங்கிக்கொண்டு தூணோரம் போனாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்றால் இன்னொரு படத்துக்கு நேரம் இல்லை. விண்ணப்பங்கள் மத்தியானம் போக வேண்டும். அவள் வெகுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“என்னா சேர் இது, மூக்கு இவ்வளவு பெருசா இருக்கு!”

“மூக்கு ஒன்னோடது. எடுத்ததும் நீ.”

“எடுத்தது நாந்தான். கழுவுனது நீங்கதானே? கழுவயிலதான் பெருத்திருச்சு!”

பாதி சல்லி கேட்ட அந்தப் பையன் எட்டிப் பார்த்தான். அவள் மறைக்கவில்லை. படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “நீ சொல்லுடா. மூக்கு பெருசா இல்லையா?”

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், டீச்சரின் பிரம்பைப் பார்த்தான். “மூக்கு பரவால்ல,” என்றான். “முழிதான் ஆந்த மாதிரி.”

“ஒன்னோடத காட்டுடா பாப்போம்!” என்று அவள் துரத்த, அவன் படத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினான்.

மலர் டீச்சர் மேசையில் உட்கார்ந்து கோந்துப் போத்தலைத் திறந்தார். சாந்தினியின் படத்துக்குப் பின்னால் பூசி, விண்ணப்பத்தின் கட்டத்துக்குள் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்த சாந்தினி அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

“டீச்சர், சரிஞ்சி இருக்கு. நேரா ஒட்டுங்க.”

டீச்சர் அதை உரித்தெடுத்து, நேராக ஒட்டினார்.